ஆறு மணிக்கு நிற்கும் ஃபேன்

ஞானசிகாமணி வீட்டு ஃபேன் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நிற்கும். கரண்ட் போவதால் அல்ல. வீட்டில் யாராவது ஒருவர் எழுந்துபோய் சுவிட்சை அணைப்பார்கள். தூத்துக்குடியில், அதுவும் சித்திரை மாதத்தில், தன் கையாலேயே ஃபேனை நிறுத்துகிறவன் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை கஞ்சனாக இருக்க வேண்டும். அவர் குடியிருந்த டூவிபுரத்தில் பாதிப் பேர் அவரைப் பைத்தியம் என்றார்கள். கடையில் பேரம் பேசிப் பார்த்த மீதிப் பேர் கஞ்சன் என்றார்கள்.

இத்தனைக்கும் அவருக்குத் தொழிலே ஃபேன்தான். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவதில் அவருடைய சிகாமணி மோட்டார் ஒர்க்ஸை விட்டால் அந்த ஊரில் ஆள் கிடையாது. அவர் கைபட்ட ஃபேன் ஓடுகிறதா இல்லையா என்று அண்ணாந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பேர்ப்பட்டவர் வீட்டு ஃபேன் மட்டும் இருபது வருஷமாகக் கடகடவென்று ஓடியது. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று தெருவில் கேலி பேசினார்கள். அந்தச் சத்தத்தை வரவழைக்க அவர் நல்ல பேரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, தேய்ந்த பேரிங்காகத் தேடி மாட்டினார் என்பது கேலி பேசியவர்களுக்குத் தெரியாது.

ஃபேன் நின்றதற்கும் கடகடத்ததற்கும் காரணம் ஒருத்திதான். அவருடைய மகள் மே. ஃபேன் ஓடுகிற சத்தம் காதில் விழாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

மே பிறந்தது நிலாவில். நிலாவின் தரைக்கடியில் தோண்டிய ஒரு குடியிருப்பு அப்போது இருந்தது. ‘கூடு’ என்று பெயர். முப்பது நாட்டு ஜனங்கள் முந்நூறு பேர் அங்கே தலைமுறை கண்டு வாழ்ந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு கலப்புப் பேச்சு, கலப்புச் சாப்பாடு, தனிப் பழக்கவழக்கம் எல்லாம் உண்டாகிவிட்டிருந்தது. அப்புறம் ஒருநாள் காற்று தரும் இயந்திரம் கெட்டது. நாற்பத்தொரு பிள்ளைகளும் ஆறு பெரியவர்களும் மட்டும் குலசை என்கிற குலசேகரன்பட்டினத்து ராக்கெட் தளத்தில் வந்து இறங்கினார்கள். அந்த நாற்பத்தொன்றில் ஒன்று, நான்கு வயசில், ஞானசிகாமணிக்கும் ஜெசிந்தாவுக்கும் கிடைத்தது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஜெசிந்தா மனு எழுதிப் போட்டிருந்தாள்.

பிள்ளையை ஒப்படைத்த அதிகாரி அம்மா கூடவே ஒரு சின்னப் பெட்டியையும் கொடுத்தார்.

“இது மரபுப் பெட்டி. பிறந்த ஜனத்தோட வழக்கம் பிள்ளைக்கு அத்துப் போகக் கூடாது. அது இப்பம் சட்டம். அங்க என்ன சாப்பிட்டாங்க, எப்படிப் பேசினாங்க, என்ன கும்பிட்டாங்கன்னு இதுட்ட கேளுங்க, சொல்லும்.”

“இதுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் சிகாமணி. இயந்திரத்தை நம்புகிற தொழில்காரர் யாரும் கிடையாது.

“பிள்ளைங்க ஒவ்வொண்ணு கையிலயும் ஒரு பட்டை இருந்துது. அதுல பதிவான சத்தத்தையெல்லாம் இது கேட்டிருக்கு. பதிவ நீங்க கேக்க முடியாது. பிள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்சதும் அதுவே வந்து கேட்டுக்கலாம். அதுவரைக்கும் அதிலேருந்து பெட்டி எடுத்துச் சொல்லுறதுதான் நமக்கு.”

ஜெசிந்தா பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். விசிலும் வரிசையும்தான் அவள் வாழ்க்கை. பெட்டி சொன்னதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டாள். கூட்டில் கதவைத் திறக்குமுன் இரண்டு தட்டு தட்டுவார்கள் என்று பெட்டி சொல்லிற்று. அன்றிலிருந்து அந்த வீட்டில் குளியலறைக்குப் போனாலும் இரண்டு தட்டு. விசேஷ நாளில் பச்சைப் பாசிக் கூழ் குடிப்பார்கள் என்றது. பாசிக்கு எங்கே போவது? முருங்கைக்கீரையை அரைத்துக் கம்பு மாவில் கரைத்துக் காய்ச்சினாள். மே அதை வாயில் வைத்துவிட்டுப் பரிதாபமாகப் பார்த்தது. “ஊரு நெனப்பு வந்துட்டு பிள்ளைக்கு” என்று ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வருஷத்துக்கு நான்கு தடவை அந்தக் கூழைச் சிகாமணியும் குடித்தாக வேண்டியிருந்தது. பிறந்த குழந்தைக்கு ஒரே எழுத்தில்தான் பெயர் வைப்பார்கள் என்றும் பெட்டி சொன்னது. அதனால் மே என்ற பெயரை மாற்றக் கூடாது என்று நின்றுவிட்டாள். “ஆட்டுக்குட்டியா வளக்கிய, மேங்குதீய?” என்று கேட்ட எதிர்வீட்டுக்காரியோடு மூன்று வருஷம் பேச்சு வார்த்தை இல்லை.

ஆனால் பெட்டி சொன்னதிலேயே பெரிய வழக்கம் ஆறு மணி வழக்கம்தான்.

“கூட்டு மக்கள் தினமும் மாலை ஆறு மணிக்குக் காற்றாடிகளை நிறுத்துவர்” என்று அது செய்தி வாசிக்கிற குரலில் சொன்னது. “அமைதியில் ஒவ்வொருவரும் தம் பெயரைக் கூறுவர். பின்னர் அன்புக்குரியவரை அழைப்பர். அழைக்கப்பட்டவர் தாம் இருப்பதாகப் பதிலளிப்பர். எல்லாப் பதிவுகளிலும் காணப்படும் ஒரே வழக்கம் இதுவே.”

பிள்ளை வந்த நான்காம் நாள் சாயங்காலம் ஜெசிந்தாவே முதல் தடவையாக ஃபேனை அணைத்தாள். இறக்கை சுற்றி ஓய்ந்து நின்றதும் பிள்ளை வெடவெடவென்று நடுங்கியது. சிகாமணி சுவிட்சைப் போடப் பாய்ந்தார். அதற்குள் அது சின்னக் குரலில், “மே” என்றது. தன் பெயரைச் சொல்கிறது. ஜெசிந்தா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிள்ளை கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, “நூ?” என்று கூப்பிட்டது.

அப்படி ஒரு சொல்லை அவர்கள் கேட்டதில்லை. ஆனால் பிள்ளை கூப்பிட்ட குரலுக்கு அர்த்தம் கேட்க அகராதி வேண்டுமா என்ன? ஜெசிந்தா மண்டி போட்டு உட்கார்ந்து, “இருக்கேன்” என்றாள்.

பிள்ளை அவளையே பார்த்தது. அப்புறம் மெல்ல வந்து அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. அந்த வீட்டுக்கு வந்து அது தானாக ஒருவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. சிகாமணி நான்கு நாளாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெசிந்தா பெட்டியிடம் கேட்டாள். “நூன்னா என்ன?”

“தாயைக் குறிக்கும் சொல்லாக இருக்கலாம்.”

அந்த ‘இருக்கலாம்’ ஜெசிந்தாவின் காதில் விழவே இல்லை. அன்றிலிருந்து அவள் நூ. மே அவளை அம்மா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நூ என்றுதான் கூப்பிட்டாள். ஜெசிந்தாவுக்கு அதில் சொல்லி முடியாத பெருமை. சர்ச்சில், கல்யாண வீட்டில், ரேஷன் கடை வரிசையில் எல்லாம், “எம்மவ பாஷையில அம்மாவுக்கு நூ” என்று கேட்காதவர்களுக்கும் சொல்லுவாள். கரண்ட் கட்டானால்கூட அந்த வீட்டில் முதலில் டார்ச்சைத் தேடமாட்டார்கள். இருட்டில் “மே”, “நூ?”, “இருக்கேன்”, “அப்பா?”, “இருக்கேம்மா” என்று வரிசையாகக் குரல் வரும். அப்புறம்தான் டார்ச்.

அந்த வருஷங்கள் எப்படி ஓடின என்று பிற்பாடு சிகாமணி யோசித்துப் பார்த்ததுண்டு. வார்னிஷ் வாடையோடு கடையை அடைத்துவிட்டு, ஆறு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டுமே என்று சைக்கிளை மிதித்து வருவார். வேறு எதற்காகவும் அவர் வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. ஒரு நிமிஷம்தான். தன்னை ஒருத்தி கூப்பிட, தான் இருப்பதாகச் சொல்லுகிற ஒரு நிமிஷம். அதற்காக அடித்துப் பிடித்து ஓடிவந்த காலம் அது.

மேவுக்குப் பதிமூன்று வயதில் ஜெசிந்தா மூளைக் காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாள். கல்லறைக் கல்லில் ‘நூ ஜெசிந்தா’ என்று சிகாமணி வெட்டச் சொன்னார். கல் வெட்டுகிறவர் எழுத்துப் பிழையா என்று இரண்டு தடவை கேட்டார்.

அடக்கம் முடிந்து வந்த அன்று ஆறு மணிக்குச் சிகாமணி ஃபேனை நிறுத்தத்தான் வேண்டுமா என்று யோசித்துக்கொண்டு நின்றார். நிறுத்தாவிட்டால் அதுவும் போய்விட்டது என்று பிள்ளை நினைப்பாளே என்று நிறுத்தினார்.

“மே” என்றாள். பிறகு பழக்கத்தில், “நூ?” என்று கூப்பிட்டுவிட்டாள்.

வீடு அமைதியாக இருந்தது. பிள்ளையின் முகம் அந்த முதல் நாள் மாதிரி ஆயிற்று. அந்த அமைதி இன்னும் ஒரு நொடி நீண்டால் அவளும் கையை விட்டுப் போய்விடுவாள் என்று அவருக்குத் தோன்றியது. என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே, “நூ போயிட்டு வருவா” என்றார்.

மே திரும்பிப் பார்த்தாள். “அப்பிடித்தான் சொல்லணுமா? கூட்டுல, செத்தவங்களுக்கு?”

“ஆமாம்மா.”

“பெட்டி சொல்லிச்சா?”

“சொல்லிச்சு. ரொம்ப வேண்டியவங்க ஒருத்தர், போயிட்டு வருவாங்கன்னு பதில் சொல்லணுமாம்.”

உண்மையில் அவர் அன்று மதியமே தனியாகப் பெட்டியிடம் கேட்டிருந்தார். “இது பற்றிய பதிவு இல்லை” என்று அது சொல்லியிருந்தது. அவர் பிள்ளையிடம் சொன்ன ஒரே பொய் அது. அந்தப் பொய்யும் பதினோரு வருஷமாக வீட்டில் தினமும் ஆறு மணிக்கு வழக்கமாக நடந்தது. பதினெட்டு முடிந்ததும் மே ஏதோ சர்டிபிகேட் வாங்க வேண்டும் என்று தனியாகக் குலசைக்குப் போய்வந்தாள். வந்து முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். ஆறு மணிக்கு அவளே எழுந்துபோய் சுவிட்சை அணைத்தாள். அதுவரை அவள் அந்த சுவிட்சைத் தொட்டதே இல்லை. அன்றைக்கும் “நூ?” என்று கூப்பிட்டுவிட்டு அவர் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

இப்போது அவளுக்கு இருபத்துநான்கு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். கூடு அழிந்து இருபது வருஷம் ஆனதை ஒட்டி நாற்பத்தொரு பேரும் குலசையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடுவதாக ஏற்பாடு. ஆறு மணி வழக்கத்தை முன்னின்று நடத்த மேயைத்தான் எல்லாரும் கேட்டிருந்தார்கள்.

“மத்த வீடுகள்ள செத்தவங்களுக்கு என்ன சொல்லணும்னே தெரியலயாம்ப்பா” என்றாள் பஸ்ஸில் போகும்போது. “பெட்டி ஒண்ணும் சொல்லலையாம். நமக்குத்தான் தெரியும். நாந்தான் இன்னைக்கு எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கப் போறேன்.”

சிகாமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இதுநாள்வரை அந்தப் பொய் வீட்டுக்குள் இருந்தது. இனி அது கூட்டு ஜனத்துக்கே வழக்கமாகிவிடும். நாளைக்கு எவனாவது கண்டுபிடித்து, இது தூத்துக்குடியில் காயில் கட்டுகிறவன் இட்டுக்கட்டியது என்று சொன்னால், அவள் தன் சொந்த ஜனத்துக்கு முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டும். ஆறு மணிக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். சொன்னால் அவளுக்கு நூ இரண்டாந்தடவை சாவாளே என்றும் நினைத்தார்.

மண்டபத்தில் ஐந்தரை மணிக்கு வடையும் காப்பியும் கொடுத்தார்கள். வெள்ளைவெளேரென்று ஆறடி உயரத்தில் ஒரு அம்மா கையில் பருப்பு வடையோடு அவரிடம் வந்தார்.

“மேக்கு அப்பாவா அண்ணாச்சி? நான் சோ. கூட்டுல காத்து செக்‌ஷன்ல வேல பாத்தேன். தப்பிச்ச ஆறு பேருல ஒருத்தி.”

சிகாமணி வாயைப் பிளந்தார். அந்த அம்மா சிரித்தார். “தமிழா? ரெண்டு வருசம் இங்கன ஆஸ்பத்திரில கெடந்தேம்லா. நர்ஸ் பிள்ளைய பேசப் பேச ஒட்டிக்கிட்டு. பெறகு எங்க ஊருக்குப் போயிட்டேன். இப்பம்தான் திரும்ப வாரேன். ஆமா, மத்தியானம் ஒரு பச்சைக் கூழு குடுத்தாவள, அது என்ன கண்றாவி?”

“உங்க ஊரு விசேஷக் கூழுல்லா?”

“விசேஷமா! சரக்குக் கப்பல் வர லேட்டானா வேற வழியில்லாம அதக் குடிப்போம். ஒருத்தரும் விரும்பிக் குடிச்சது கெடையாது.”

எண்பது தடவைக்குக் குறையாமல் அதைக் குடித்த சிகாமணியும் சிரித்துவிட்டார். அந்த அம்மா வடையைக் கடித்துக்கொண்டே, “ஆறு மணிக்கு ஏதோ சடங்குன்னு சொல்லுதாவ. நான் கேள்விப்பட்டதில்லையே. என்னது அது?” என்றார்.

அவர் சொன்னார். ஃபேனை நிறுத்துவது, பெயர் சொல்வது, கூப்பிடுவது, பதில் சொல்வது. சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் வடை பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

“அண்ணாச்சி, அங்கன ஃபேன நிறுத்தமாட்டோம். ஃபேன் நின்னா சாவு.”

“தினமும் நிறுத்துவீங்கன்னு பெட்டி...”

“பிள்ளைய கையில பட்டை இருந்துச்சுல்லா, அது ஃபேன் நின்னாத்தான் பதியும். ஆபத்துக்குன்னு வச்சது. ஃபேன் நின்னது ஒரே தரந்தான். நாப்பத்தோரு பட்டையிலயும் அந்த ஒரு சாயங்காலந்தான் இருந்திருக்கும். எல்லாத்துலயும் ஒண்ணுபோல இருக்கவும் எந்திரம் அத வழக்கம்னு எடுத்துக்கிட்டு. நாப்பத்தோரு நாளு இல்ல அண்ணாச்சி, ஒரே நாளு.”

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். சோவும் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“பிள்ளையளுக்கு மட்டும் காத்து உள்ள ஒரு ரூம் இருந்துச்சு. எல்லாத்தையும் உள்ள தள்ளி, பசிச்சா பச்சைக் கூழு இருக்கு, ரெண்டு தட்டு தட்டுனாத்தான் கதவத் தொறக்கணும்னு சொல்லிச் சாத்துனோம். இருட்டு. பிள்ளைய பயப்படக் கூடாதுன்னு, ஒவ்வொருத்தரா பேரச் சொல்லுங்கன்னு வெளிய இருந்து சொன்னோம். சொல்லிச்சுங்க. பெறகு அதுவளே அம்மா பேரு, அப்பா பேரு சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சிட்டு. கொஞ்ச நேரம் பதில் குடுத்தாவ. பெறகு பதில் இல்ல.”

“பேரு சொல்லியா கூப்பிடும், அம்மாவ?”

“அங்கன அம்மா அப்பான்னு கூப்பிடுத வழக்கம் இல்ல. எல்லாரையும் பேருதான்.”

“அப்பம் நூன்னா?”

“நூ இவ அம்மா பேருல்லா? தோட்டத்துல வேல பாத்தா. நல்லாப் பாடுவா.” அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன் அண்ணாச்சி?” என்றார்.

சிகாமணிக்கு இப்போதுதான் விளங்கியது. நான்கு வயசுப் பிள்ளையை அந்தக் கதவுக்குப் பின்னால் தினமும் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம். ஏழாயிரம் சாயங்காலம். பாசம் என்று நினைத்துச் செய்திருக்கிறோம். பிள்ளை செத்துப்போன தாயைத் தேடிக் கூப்பிட, இவள் என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று ஜெசிந்தா ஓடி ஓடிப் பதில் சொல்லியிருக்கிறாள். ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறாள். அந்தப் பெயரைக் கல்லிலும் வெட்டியாயிற்று. நல்லவேளை அவள் இதைக் கேட்க உயிரோடு இல்லை என்று நினைத்ததும் அவருக்குத் தன்மீதே வெறுப்பு வந்தது.

ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. மே சுவிட்ச் போர்டு பக்கத்தில் நின்று எந்த சுவிட்ச் எந்த ஃபேனுக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போய் அவள் கையைப் பிடித்தார்.

“வேண்டாம்மா. நிறுத்தாத. இது வழக்கமே இல்ல. பெட்டி தப்பாச் சொல்லிட்டு. அது அந்த நாளு. உங்க அம்மா... நூங்கது...” அவருக்கு வரிசையாகச் சொல்ல வரவில்லை. “அந்தப் போயிட்டு வருவாங்கதும் நான் சொன்ன பொய்யி. பெட்டி சொல்லல. எங்கள மன்னிச்சிரும்மா.”

மே அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“தெரியும்ப்பா.”

“என்ன தெரியும்?”

“எல்லாம். பதினெட்டு முடிஞ்சதும் குலசைக்கு வந்தேன்லா? சர்டிபிகேட்டுக்கு இல்ல. பதிவக் கேக்கத்தான் வந்தேன். என் குரல் இருக்கு. நூ, நூன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். கடைசியில பதிலே இல்ல.”

“பெறகு ஏம்மா... அன்னைக்கு நீயே சுவிட்ச...”

“அந்தப் பதிவு அங்க முடியல எனக்கு. பஸ்ஸு ஏறி வீட்டுக்கு வந்தேன். ஆறு மணி ஆச்சு. கூப்பிட்டேன். நீங்க பதில் சொன்னீங்க. மொத நாளும் அப்பிடித்தாம்ப்பா. நான் எங்கம்மாவத்தான் கூப்பிட்டேன். அவங்க வரமாட்டாங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். ஆனா ஒரு ஆளு இருக்கேன்னு சொல்லி வந்தாங்க. பெட்டி சரியாச் சொல்லியிருந்தா, எனக்கு யாரு பதில் சொல்லியிருப்பா?”

சிகாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்தப் பொய்யி?”

அவள் சிரித்தாள். “போறேன்னு சொல்லக் கூடாது, போயிட்டு வாரேன்னுதான் சொல்லணும்னு எங்கப்பா நான் படி இறங்கும்போதெல்லாம் திட்டுவாரு. நிலாவுல எவன் அப்பிடிச் சொல்லுவான்? எனக்கு அன்னைக்கே தெரியும்ப்பா. இங்க பாதிப் பேருக்குத் தெரியும், இது வழக்கம் இல்லன்னு. அவங்களும் பதிவக் கேட்டவங்கதான். ஆனா எல்லார் வீட்டுலயும் யாரோ ஒருத்தர் பதில் சொல்லியிருக்காங்க. அந்த வழக்கம் அங்க உள்ளதில்ல, எங்க நாப்பத்தோரு பேரோடது. செத்தவங்களுக்கு மட்டும் வார்த்தை இல்லாம இருந்துச்சு. அத நீங்க குடுத்தீங்க.”

மண்டபத்துக் கடிகாரம் அடித்தது. அவள் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். பன்னிரண்டு ஃபேனும் சுற்றி ஓய்ந்து நின்றன. வெளியே கடல் சத்தம் மட்டும் கேட்டது. சோ கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மே” என்று அவள் தொடங்கினாள். ஒருவர் பின் ஒருவராக நாற்பத்தொரு பெயர்கள் வந்தன. அப்புறம் கூப்பிட வேண்டிய முறை. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

“நூ?”

பதினோரு வருஷமாகச் சொன்ன சொல்தான், நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் இந்தத் தடவை அவர் ‘வருவா’ என்று சொல்லவில்லை.

“நூ போயிட்டு வருவாங்க” என்றார்.

பரிச்சயம் இல்லாத ஒரு பொம்பளைக்குக் கொடுத்த மரியாதையா, இரண்டு நூவுக்கும் சேர்த்துச் சொன்னதா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. மேவுக்கு விளங்கிற்று. உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அவளுக்குப் பின்னால் ஒரு பையன் தன் தகப்பன் பெயரைச் சொல்லிக் கூப்பிட, சோ கண்ணைத் திறக்காமலே, “போயிட்டு வருவாவ” என்றார். அப்புறம் மண்டபம் முழுக்க அந்தச் சொல் போய்க்கொண்டே இருந்தது.

எல்லாம் ஓய்ந்த பிறகு மே கடைசியாக ஒரு தடவை, “அப்பா?” என்றாள்.

“இருக்கேம்மா.”

அவள் எல்லா ஃபேனையும் போட்டாள். மூன்றாவது ஃபேன் மட்டும் கடகடவென்று ஓடியது. பேரிங் போயிருக்கிறது என்று சிகாமணிக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது. மண்டபக்காரரிடம் சொல்லலாமா என்று யோசித்தார். மேயும் அண்ணாந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லவில்லை.